எல்எஸ்1 எஞ்சினில் சிலிண்டர் ஹெட், இன்டேக் மேனிஃபோல்டு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவர்லே கார்வெட்டின் ஐந்தாம் தலைமுறைக் காரை எல்லோரும் சி5 என்று அழைப்பார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் போலிங் கிரீன் ஊரில் தயாராகி, 1997 முதல் 2004 மாடல் வரை வந்தது. என்னிடம் இருப்பது 2000 மாடல். அதன் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியாக உட்காரும், வால்வுகள் உள்ள பாகம்) இரண்டு முறை இறக்கி ஏற்றியிருக்கிறேன். முதல் முறை பாகங்களைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால்தான் இரண்டாம் முறை வேலை வந்தது. அதே தப்பை இன்னொருவர் செய்யக்கூடாது என்றுதான், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த எஞ்சினைப் பற்றிப் பேசுகிறோம்?

சி5இல் வந்த எல்எஸ்1. 5.7 லிட்டர் வி8, துல்லியமாகச் சொன்னால் 5,665 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 99 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 92 மி.மீ. பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். 1997இல் வந்தபோது 345 குதிரைத்திறன், 2001 முதல் 350.

அதே 2001இல் இஸட்06 என்ற வேகமான மாடலுக்காக எல்எஸ்6 வந்தது. முதல் ஆண்டு 385, 2002 முதல் 405 குதிரைத்திறன். கொள்ளளவு மாறவில்லை, போரும் ஸ்ட்ரோக்கும் மாறவில்லை. ஹெட், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்), கேம் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு), கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதம்) ஆகியவற்றில் கை வைத்துத்தான் கம்பெனியே 60 குதிரைத்திறன் கூட்டியது. நாம் வீட்டுக் கராஜில் செய்யப்போவதும் அதே வேலைதான். அதனால் இந்தப் பக்கம் முழுக்க எல்எஸ்6 ஒரு அளவுகோலாக வந்துகொண்டே இருக்கும்.

ஹெட்டும் மேனிஃபோல்டும் மாற்றினால் பவர் ஏன் ஏறுகிறது?

எஞ்சினுக்குள் போகும் காற்று கூடுவதால்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6,000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 3,000 முறை காற்றை இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் முழுசாக நிரம்பினால் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 17,000 லிட்டர் காற்று வேண்டும். ஆனால் ஒரு முறை காற்றை இழுத்து, எரித்து, வெளியேற்றி முடிக்க ஆகும் நேரமே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அதிலும் இன்டேக் வால்வு திறந்திருப்பது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல், அதாவது ஏழு மில்லி நொடி போல. அந்த இடைவெளிக்குள் த்ராட்டில் பாடி (ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அளவுக்குக் காற்றை விடும் வாசல்), மேனிஃபோல்டு, ஹெட்டில் உள்ள போர்ட் (காற்றுப் பாதை), வால்வு, எல்லாவற்றையும் தாண்டிக் காற்று உள்ளே போயாக வேண்டும். வழியில் எந்த இடம் மிகவும் குறுகலோ, அந்த இடம்தான் பவரைத் தீர்மானிக்கும்.

மேனிஃபோல்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வால்வு மூடும்போது, ரன்னர் குழாய்க்குள் ஓடிவந்த காற்று வால்வில் மோதி நிற்கிறது. அந்த மோதலில் ஓர் அழுத்த அலை கிளம்பி ஒலியின் வேகத்தில் பின்னால் போகிறது, பெரிய அறையான பிளீனத்தில் பட்டுத் திரும்புகிறது. திரும்பி வருகிற அலை, வால்வு அடுத்த முறை திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்தால் காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளிவிடும். ரன்னர் நீளமாக இருந்தால் இந்தப் பொருத்தம் குறைந்த ஆர்பிஎம்மில் அமையும், குட்டையாக இருந்தால் உயர்ந்த ஆர்பிஎம்மில் அமையும். எந்த மேனிஃபோல்டு நல்லது என்று கேட்பவர்களிடம், எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

முதலில் எதை மாற்றுவது? மேனிஃபோல்டா, ஹெட்டா, கேமா?

முடிந்தால் மூன்றையும் ஒரே சமயத்தில் செய்யுங்கள், ஒரே செட்டாக யோசித்து வாங்குங்கள். காசு ஒரேயடியாகப் புரளாது என்றால் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து வைத்து, எல்லாம் சேர்ந்த பிறகு எஞ்சினைத் திறங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஹெட் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் ஃப்ளோ பெஞ்சில் 28 அங்குல நீர் அழுத்தத்தில் அளந்தால், எல்எஸ்1இன் சாதாரண 241 ஹெட் (241 என்பது வார்ப்பு எண், கீழே வருகிறது) 0.600 அங்குல லிஃப்டில், அதாவது வால்வு அந்த அளவு திறந்திருக்கும்போது, சுமார் 240 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றை விடும். ஒரு சிலிண்டரின் சிஎஃப்எம்மை 0.257 ஆல் பெருக்கி, அதைச் சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கினால், அந்த ஹெட்டால் எட்டக்கூடிய உச்ச பவர் ஏறக்குறையத் தெரியும். இந்தக் கட்டைவிரல் கணக்கில் 240 சிஎஃப்எம் ஹெட்டுக்கு 490 குதிரைத்திறனுக்கு மேல் வருகிறது. காரில் இருப்பதோ 350. அப்படியானால் எல்எஸ்1இல் முதலில் கழுத்தைப் பிடிப்பது ஹெட் கிடையாது, கேம்தான். வால்வைக் கொஞ்சமாகவும் கொஞ்ச நேரமும் திறக்கிற கேமை வைத்துக்கொண்டு 300 சிஎஃப்எம் ஹெட் போட்டால், அந்தக் கூடுதல் சிஎஃப்எம்முக்கு வேலையே இருக்காது.

கேம் மட்டும் மாற்றினாலே எல்எஸ்1 நல்ல பலன் கொடுக்கும். ஹெட் மட்டும் மாற்றினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மேனிஃபோல்டு மட்டும் மாற்றுவது நடுத்தரம். 2001இல் சாதாரண எல்எஸ்1 காருக்கும் எல்எஸ்6 மேனிஃபோல்டையே கம்பெனி கொடுத்தது. அந்த ஆண்டு மேனுவல் கியர் காரின் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) 475இல் இருந்து 508 நியூட்டன் மீட்டருக்கு ஏறியது. கேமும் கொஞ்சம் மாறியதால் முழுப் புகழும் மேனிஃபோல்டுக்குப் போகாது, ஆனால் பெரும் பங்கு அதற்கு உண்டு.

என் காரில் எந்த ஹெட் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஹெட்டின் ஓரத்தில் வார்ப்பு எண் இருக்கும். கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத்தான் எல்லோரும் பேசுவார்கள். 806 என்றால் 1997, 98 கார். 853, 241 ஆகியவை அதற்குப் பின் வந்த எல்எஸ்1. 243 என்றால் எல்எஸ்6. பிறகு எல்எஸ்2 எஞ்சினிலும் அதே எண் வந்தது. 799 என்பது டிரக்குகளில் வந்தது. அச்சு அசல் 243தான், பெயர் மட்டும் வேறு.

1997, 98 கார் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஹெட்டில் வால்வு கவரின் போல்ட் ஓரம் சுற்றி வரும். 1999 முதல் போல்ட் கவரின் நடுவில் வரும். புது ஹெட் வாங்கினால் வால்வு கவரும் வாங்க வேண்டியிருக்கும்.

பழைய 243 ஹெட் வாங்கலாமா, புதிதாகச் செய்த ஆஃப்டர்மார்க்கெட் ஹெட் வாங்கலாமா?

தினமும் ஓட்டுகிற கார், ரோட்டில்தான் சந்தோஷம் என்றால் 243 அல்லது 799 போதும். இன்டேக் போர்ட் 210 சிசி, கம்பஷன் சேம்பர் 64.5 சிசி, வால்வு 2.00 அங்குலமும் 1.55 அங்குலமும். 241இன் போர்ட் 200 சிசி, சேம்பர் 66.7 சிசி. எண்ணில் பார்த்தால் வித்தியாசம் சின்னது, ஆனால் போர்ட்டின் வளைவை எல்எஸ்6க்காகத் திருத்தியிருக்கிறார்கள். அதில் நல்ல வால்வு ஜாப் (வால்வும் அது உட்காரும் சீட்டும் சரியாகப் பொருந்தச் செதுக்குவது) செய்து, சீட்டுக்குக் கீழே உள்ள கிண்ணப் பகுதியைத் திருத்தினால் ஹெட் இன்னும் திறக்கும்.

ட்ராக்குக்குப் போகிறவர், பெரிய கேம் போடப்போகிறவர் என்றால் ஏஎஃப்ஆர், ட்ரிக் ஃப்ளோ போன்றவர்களின் ஹெட்டைப் பாருங்கள். அவை புது வார்ப்பு, தடிமனான அடித்தளம், முழுவதும் சிஎன்சியில் (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) வெட்டிய போர்ட். ட்ரிக் ஃப்ளோவின் ஜென்எக்ஸ் ஹெட்டில் வால்வுச் சாய்வைக்கூட 15 டிகிரியில் இருந்து 13.5ஆகக் குறைத்திருக்கிறார்கள். இதனால் காற்று நேராக விழும், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளியும் கொஞ்சம் கூடும்.

பழைய ஹெட் வாங்கினால் காசு கொடுக்கும் முன்பு, வார்ப்பு சமமாக இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று மெஷின் ஷாப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து வந்த ஹெட்டை நீங்களும் ஒருமுறை கழுவுங்கள். எனக்கு ஒரு கடையில் இருந்து "சுத்தம் செய்தாச்சு" என்று வந்த ஹெட்டில், சோப்புத் தண்ணீர் விட்டு பிரஷ் போட்டதும் எக்ஸாஸ்ட் பக்கத்து எண்ணெய் வடிகால் ஓட்டையிலிருந்து அலுமினியச் சுருள் ஒன்று வெளியே வந்தது, நகக்கண் நீளம். அது ஆயில் பம்புக்குப் போயிருந்தால் எஞ்சின் போயிருக்கும்.

போர்ட் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதுதானே?

நான் செய்த தப்பு இதுதான். முதல் முறை விளம்பரத்தில் இருந்த சிஎஃப்எம் எண்ணைப் பார்த்து 230 சிசி போர்ட் ஹெட் வாங்கினேன். கேம் கம்பெனி கேம், மேனிஃபோல்டு பழைய எல்எஸ்1 மேனிஃபோல்டு. ஹைவேயில் ஏறும் வளைவில் மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். முன்பெல்லாம் முதுகை சீட்டோடு அழுத்தும் கார், யோசித்து யோசித்துப் போனது. 4,500ஐத் தாண்டியதும் கொஞ்சம் உயிர் வந்தது, ஆனால் அதற்குள் கம்பெனி கேம் மூச்சுவாங்க ஆரம்பித்துவிட்டது.

காரணம் காற்றின் வேகம். போர்ட் அகலமானால் அதே காற்று மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும் காற்றுக்கு உந்துதல் குறைவு. பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே வரத் தொடங்கிய பிறகும், வேகமாக வந்த காற்று தன் உந்துதலாலேயே சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அந்த உந்துதல் இல்லையென்றால், பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே போன காற்று மேனிஃபோல்டுக்கே திரும்பித் தள்ளப்படும்.

5.7 லிட்டருக்கு, ரோட்டில் ஓட்டுகிறவருக்கு, 205 முதல் 215 சிசி வரை என்று நான் சொல்வேன். 225க்குப் போக வேண்டுமானால் 6,500க்கு மேல் அடிக்கடி சுற்ற வேண்டும், அதற்கேற்ற கேமும் வேண்டும். இரண்டாம் முறை 205 சிசி ஹெட், மிதமான கேம், எல்எஸ்6 மேனிஃபோல்டு என்று மாற்றினேன். 230 சிசியைவிட ஃப்ளோ எண் குறைவு. ஆனால் காரில் 2,000இல் இருந்தே இழுவை திரும்பி வந்தது, மேலேயும் முன்பைவிட அதிகமாகவே போகிறது.

எல்எஸ்3, எல்எஸ்7 ஹெட்டை என் எல்எஸ்1இல் பொருத்த முடியுமா?

முடியாது, முயற்சியும் வேண்டாம். எல்எஸ்3இன் இன்டேக் வால்வு 2.165 அங்குலம், அந்த எஞ்சினின் போர் 103.25 மி.மீ. 99 மி.மீ. போரில் அந்த வால்வு சிலிண்டர் சுவரிலேயே இடிக்கும். எல்எஸ்7இன் வால்வு 2.20 அங்குலம், டைட்டானியம். அது 7 லிட்டர் எஞ்சினுக்காகப் பிறந்தது.

போர்ட்டின் உருவமும் வேறு. எல்எஸ்1, எல்எஸ்6, எல்எஸ்2 ஹெட்களின் போர்ட் ஒடுக்கமாக உயர்ந்து, உச்சியில் மாதா கோவில் ஜன்னல் போல வளைந்திருக்கும். அதனால்தான் கதீட்ரல் போர்ட் என்று பெயர். இரண்டு பக்கமும் புஷ்ராடு (கேமின் அசைவை மேலே வால்வுப் பக்கம் கொண்டுபோகும் கம்பி) போவதால் அகலத்துக்கு இடமில்லை, உயரத்தில் இடம் தேடியிருக்கிறார்கள். மேல் வளைவு இன்ஜெக்டர் தெளிப்பதற்கு வழிவிடுகிறது. எல்எஸ்3, எல்எஸ்7 போர்ட் செவ்வகம். எனவே மேனிஃபோல்டு வாங்கும்போதும் கதீட்ரலா செவ்வகமா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த மேனிஃபோல்டு வாங்குவது?

பெரும்பாலானவர்களுக்கு எல்எஸ்6 மேனிஃபோல்டே போதும். பழைய எல்எஸ்1 மேனிஃபோல்டின் அடிப்பக்கம் உள்ளே குழிந்திருக்கும், எல்எஸ்6இல் அது தட்டையாகி பிளீனத்துக்கு இடம் கூடியிருக்கிறது. இரண்டும் நைலான் கலவைதான். அதனால் எஞ்சின் சூடு காற்றுக்கு அவ்வளவாக ஏறாது. அலுமினிய மேனிஃபோல்டுக்கு இல்லாத பெரிய நன்மை இது.

கேம் பெரிது, 6,500க்கு மேல் சுற்றுவேன் என்றால் ஃபாஸ்ட் கம்பெனியின் 92 அல்லது 102 மி.மீ. மேனிஃபோல்டு. இதுவும் பாலிமர்தான், ரன்னர் தனித்தனியாகக் கழன்று வரும், போர்ட்டிங் செய்ய வசதி. சாதாரண கேமோடு போட்டால் கொடுத்த காசுக்குப் பலன் தெரியாது.

கார்புரேட்டர் காலத்துப் பாணியில் மேலே எழும்பி நிற்கும் சிங்கிள் பிளேன் அலுமினிய மேனிஃபோல்டு சி5க்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ரன்னர் குட்டை, கீழ் இழுவை போய்விடும். சி5இன் பானெட் மிகத் தாழ்வு என்பதால் பானெட்டை வெட்ட வேண்டியும் வரும்.

1997 முதல் 2000 வரையிலான காரில் எல்எஸ்6 மேனிஃபோல்டு அப்படியே உட்காருமா?

உட்காராது. ஹெட்டின் நான்கு மூலையிலும் ஆவி வெளியேற ஒரு சின்னக் கூலண்ட் ஓட்டை உண்டு. பழைய கார்களில் அந்த நான்கையும் இணைக்கும் குழாய் பின்பக்கமாக மேனிஃபோல்டுக்கு அடியில் போகும். தட்டையான அடிப்பாகம் அதில் இடிக்கும். பிற்கால கார்களில் பின் இரண்டு ஓட்டையையும் மூடிவிட்டு, முன் இரண்டை மட்டும் இணைத்திருப்பார்கள். அந்தக் குழாய் செட்டை வாங்கிப் போடுங்கள். உங்கள் காரில் இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) இருந்தால், எல்எஸ்6 மேனிஃபோல்டில் அதற்கு இடமில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மேனிஃபோல்டு வெளியே வந்த அன்றைக்கே இன்னும் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். நாக்கிங்கை, அதாவது கலவை தப்பாக வெடித்துத் தட்டுவதை, உணரும் நாக் சென்சர் இரண்டும் மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சினின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மழைத் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் பின் சென்சரின் குழியில் தேங்கித் துரு ஏறும். என் காரில் ரப்பர் மூடியைத் தூக்கியபோது குழியில் டீ நிறத்தில் தண்ணீர் நின்றது, சென்சரின் ஊசி துருப்பிடித்துத் தொட்டதும் உடைந்தது. இன்னொன்று ஆயில் பிரஷர் சென்சர். அது மேனிஃபோல்டின் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிறகு தனியாக மாற்ற வேண்டுமானால் கையை நுழைக்க இடம் கிடைக்காது.

த்ராட்டில் பாடியும் பெரிதாக்க வேண்டுமா?

எல்எஸ்6 மேனிஃபோல்டு என்றால் கம்பெனி த்ராட்டில் பாடியே போதும். 405 குதிரைத்திறன் இஸட்06 அதே 75 மி.மீ. அளவோடுதான் ஓடியது. ஃபாஸ்ட் 92, 102 போட்டால் அதற்கேற்ற த்ராட்டில் பாடி வாங்குங்கள். சி5இல் கேபிள் கிடையாது, எலக்ட்ரானிக் த்ராட்டில். ஆகவே வாங்குகிற த்ராட்டில் பாடி உங்கள் காரின் கம்ப்யூட்டரோடு பேசுமா என்று முன்பே உறுதி செய்யுங்கள்.

ஹெட்டைச் சீவி கம்ப்ரஷன் ஏற்றலாமா?

ஏற்றலாம், அளவோடு. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 708 சிசி. எல்எஸ்1இன் கம்ப்ரஷன் 10.1 என்றால், பிஸ்டன் மேலே இருக்கும்போது மிஞ்சும் மொத்த இடம் சுமார் 77.8 சிசி. 66.7 சிசி சேம்பருக்குப் பதில் 64.5 சிசி சேம்பர் உள்ள 243 ஹெட் போட்டால் மிஞ்சும் இடம் 75.6 ஆகி, கம்ப்ரஷன் கிட்டத்தட்ட 10.4 வரும். சீவாமலே கிடைத்த லாபம். 59 சிசி வரை போனால் 11.1. நல்ல ட்யூனும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் இருந்தால் அலுமினிய ஹெட் இதைத் தாங்கும். அதற்கு மேல் ரோட்டுக் காருக்கு நான் போகமாட்டேன்.

சுமார் 0.15 மி.மீ. சீவினால் 1 சிசி குறையும். ஆனால் சீவினால் ஹெட் பிஸ்டனுக்கு அருகில் வரும், புஷ்ராடும் அந்த அளவுக்கு நீளமாகிவிட்டது போல ஆகும். இரண்டு ஹெட்டையும் ஒரே அளவு சீவச் சொல்லுங்கள். ஹெட் கேஸ்கெட் பல அடுக்கு எஃகு வகை என்றால் சீவிய முகம் வழவழப்பாக இருக்க வேண்டும்.

வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளந்துதான். யாரோ ஒருவர் இதே கேம், இதே ஹெட் போட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வதை நம்பிப் போட வேண்டாம். எல்எஸ்1இன் பிஸ்டன் தட்டையானது, வால்வுக்குக் குழி கிடையாது. போதாக்குறைக்கு, மேலே வரும்போது பிளாக்கின் முகத்தைவிட சுமார் 0.2 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். முதல் சிலிண்டர் பிஸ்டன் மேல் ஒரு விரல் தடிமனுக்கு அப்பி, மேலே ஒரு துளி எண்ணெய் தடவுங்கள், வால்வில் ஒட்டாமல் இருக்க. ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு உட்காரவைத்து, நாலைந்து போல்டை மட்டும் முடுக்குங்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் (கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே உள்ள, எண்ணெய் நிரம்பிய உருளை) அமுங்கி அளவை ஏமாற்றும். எனவே அளக்கும்போது மட்டும் திட லிஃப்டரும் மெல்லிய ஸ்பிரிங்கும் போடுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது தடுக்கினால் நிறுத்துங்கள், பலம் காட்டக் கூடாது. ஹெட்டைத் தூக்கினால் களிமண்ணில் இரண்டு வால்வின் முகமும் நிலாப் பிறை போலப் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை வெர்னியரால் அளங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இருந்தால் நிம்மதி. குறைந்தால் கேமை மாற்றுங்கள், இல்லையென்றால் சீவாத ஹெட்டைப் போடுங்கள்.

என் முதல் களிமண் வெட்டில் இன்டேக் பக்கம் 1.6 மி.மீ.தான் இருந்தது. அன்றைக்கே கேமைத் திருப்பி அனுப்பினேன்.

ஸ்பிரிங், புஷ்ராடு, லிஃப்டர் எல்லாம் மாற்ற வேண்டுமா?

ஸ்பிரிங் கட்டாயம். கேமின் லிஃப்டுக்கும் ஆர்பிஎம்முக்கும் பொருத்தமான ஸ்பிரிங் வேண்டும். ஒற்றை ஸ்பிரிங் உடைந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழும், பிறகு பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்தே போகும். பெரிய லிஃப்ட் என்றால் இரட்டை ஸ்பிரிங் போடச் சொல்வேன். ஒன்று உடைந்தாலும் இன்னொன்று வால்வைப் பிடித்துக்கொள்ளும்.

லிஃப்டரும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தட்டும் ஹெட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன. இந்த எஞ்சினில் ஹெட் இறக்காமல் லிஃப்டரை முறையாக மாற்ற முடியாது. எண்பதாயிரம், ஒரு லட்சம் மைல் ஓடிய எஞ்சினில் ஹெட் இறங்கிய அன்று அதைப் புதிதாகப் போடாவிட்டால், பிறகு ஒரு லிஃப்டருக்காக மொத்த வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

கம்பெனி புஷ்ராடின் நீளம் 7.400 அங்குலம். சீவல், கேஸ்கெட் தடிமன், கேமின் அடிவட்டம் எது மாறினாலும் இந்த நீளம் மாறும். ராக்கரில் (புஷ்ராடு தள்ளும்போது வால்வை அமுக்கும் கை) சரிசெய்ய நட்டு கிடையாது. நீளம் மாற்றக்கூடிய அளவுப் புஷ்ராடு ஒன்று வாங்கி அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

போர்ட்டிங்கை நானே செய்யலாமா?

இன்டேக் போர்ட்டின் வாயை கேஸ்கெட்டுக்குச் சரியாகத் திருத்துவது, சீட்டுக்குக் கீழே மெஷின் விட்ட கூர் விளிம்பை மழுப்புவது, இவ்வளவு செய்யலாம். போர்ட் கீழ்நோக்கித் திரும்பும் உள் வளைவை மட்டும் தொடாதீர்கள். அங்கே கொஞ்சம் அதிகமாக எடுத்தால் காற்று சுவரைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகும், ஃப்ளோ குறையும். இன்டேக் போர்ட்டைக் கண்ணாடி போல் பளபளப்பாக்கவும் வேண்டாம், மிதமான சொரசொரப்பு நல்லது.

ஹெட் போல்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

கூடாது. இவை முடுக்கும்போது நீண்டு பிடிக்கும் வகை. முதலில் டார்க் ரெஞ்சில் ஒரு குறிப்பிட்ட அளவு, பிறகு கோணத்தை அளந்து திருப்புவது என்று முடுக்குவார்கள். ஒருமுறை நீண்ட போல்ட் மறுமுறை அதே பிடி கொடுக்காது. 2003 வரை நீளமும் குட்டையுமாக இரண்டு அளவு 11 மி.மீ. போல்ட், 2004 முதல் எல்லாம் ஒரே நீளம். உங்கள் ஆண்டுக்கு உரிய கோணத்தைக் கையேட்டில் பாருங்கள், ஒன்றுக்கு இன்னொன்றின் கணக்கு பொருந்தாது. அடிக்கடி இறக்கி ஏற்றப் போகிறவர்கள் போல்டுக்குப் பதில் ஸ்டட் (பிளாக்கில் நிற்கும் மரைத் தண்டு, மேலே நட்டால் முடுக்குவது) செட் வாங்கிவிடலாம்.

இதைவிட முக்கியமானது போல்ட் ஓட்டை. பிளாக்கில் அது அடி மூடிய ஓட்டை. ஹெட்டைத் தூக்கும்போது கூலண்ட் அதில் வழிந்து நிற்கும். அப்படியே போல்டை இறக்கினால் அடியில் மாட்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அந்த அழுத்தத்தில் அலுமினிய பிளாக் விரிசல் விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஓட்டையின் மேல் துணியைப் பிடித்தபடி காற்றடியுங்கள். ஆரஞ்சு நிறக் கூலண்ட் துணியில் பீய்ச்சும். துணி காய்ந்து வரும்வரை இருபது ஓட்டையிலும் விடாமல் செய்யுங்கள். பிறகு மரையைச் சுத்தம் செய்யும் டேப்பை ஓட்டி, மறுபடி ஒருமுறை காற்று.

மேனிஃபோல்டு போல்டுக்கு இத்தனை பலம் தேவையில்லை. நடுவில் தொடங்கி வெளியே போய், முதல் சுற்று 5, இரண்டாம் சுற்று 10 நியூட்டன் மீட்டர். நைலான் என்பதால் அதிகம் முடுக்கினால் உடையும்.

மாற்றிய பிறகு ஐடிலில் நடுங்குகிறது. ஏன்?

பெரிய கேம் என்றால் கொஞ்சம் நடுக்கம் இயல்பு. ஆனால் முதலில் வெற்றிடக் கசிவைச் சந்தேகப்படுங்கள். ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் தானே செய்யும் பெட்ரோல் திருத்தம்) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், ஆர்பிஎம் ஏற ஏறச் சரியானால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று நுழைகிறது என்று அர்த்தம். சீவிய ஹெட்டில் மேனிஃபோல்டு பொருந்தும் கோணம் லேசாக மாறுவதால் இது அடிக்கடி வரும். புகை விட்டுச் சோதிக்கும் கருவியில் ஐந்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும்.

ட்யூனிங் கட்டாயமா?

கட்டாயம். கம்ப்யூட்டரில் இருக்கும் காற்று அட்டவணை பழைய எஞ்சினுடையது. எச்பி ட்யூனர்ஸ், இஎஃப்ஐ லைவ் போன்ற மென்பொருள் தெரிந்தவரிடம் கொடுத்து, வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சர் மாட்டி அட்டவணையைத் திருத்தச் சொல்லுங்கள். புது ஹெட்டின் சேம்பர் கலவையை வேகமாக எரித்தால் தீப்பொறியை முன்பைவிடத் தாமதமாக வைக்க வேண்டும். பழைய டைமிங்கையே விட்டால் நாக்கிங் வரும். பவர் நன்றாக ஏறினால் கம்பெனி இன்ஜெக்டருக்கு மூச்சு முட்டும். இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்தே இருந்தால் பெரியது போடுங்கள்.

சட்டச் சிக்கல் உண்டா?

அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் இன்னும் கறார். அங்கே ஸ்மாக் சோதனையில் கண்ணாலும் பார்ப்பார்கள், பாகத்துக்குக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாவிட்டால் கார் தேறாது. வாங்கும் முன்பே அந்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ன செய்ய வேண்டும்?

ஃப்யூயல் பம்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும் வரை பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். புது லிஃப்டருக்குள் எண்ணெய் நிரம்ப வேண்டும். அப்புறம் ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். லிஃப்டர் முதல் ஒரு நிமிடம் டிக் டிக் என்று சத்தம் போடும், பிறகு அடங்கும். அடங்காமல் ஒரே இடத்தில் தட்டினால் நிறுத்திவிட்டுப் புஷ்ராடு நீளத்தை மறுபடி பாருங்கள்.

சூடாகும்வரை பக்கத்திலேயே இருந்து, ஹெட் கேஸ்கெட் ஓரத்திலும் முன்னால் உள்ள ஆவிக் குழாயிலும் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முழுசாக ஆறியதும் கூலண்ட் அளவைப் பாருங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறியதால் கட்டாயம் இறங்கியிருக்கும், ஊற்றுங்கள். முதல் நூறு மைல் ஓடியதும் எண்ணெயை மாற்றி, ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை வெயிலில் விரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான் மாற்றிய ஃபில்டரில் கேஸ்கெட் தூள் இரண்டு புள்ளி இருந்தது, உலோகம் எதுவும் இல்லை. அன்று சாயங்காலம்தான் காரை முதல்முறையாக 6,000 வரை மிதித்தேன்.